வழுவை உரைக்கும் வாய்மை

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இருபாலையைக் கடந்தால் கோப்பாய் வரும். கோப்பாயை அடுத்து நீர்வேலி. நீர்வேலியை அடுத்துச் சிறுப்பிட்டி. செம்மண் தோட்டங்களும் கிணறுகளும் பனங்கூடல்களும் நிறைந்த இந்த வட்டாரம், ஏட்டோடும் எழுத்தோடும் நெடுங்காலம் பழகிய வட்டாரமாகும். திராவிடப் பிரகாசிகை என்னும் நூலை இயற்றிய சபாபதி நாவலர் கோப்பாயிலே தோன்றியவர். பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த பெருமக்களுள் முன்னவரான சி. வை. தாமோதரம்பிள்ளை 1832ஆம் ஆண்டிலே சிறுப்பிட்டியில் பிறந்தவர். வீரசோழியம் 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இலும், கலித்தொகை 1887இலும் அவர் முயற்சியால் அச்சேறின.

அவர் கைக்கு வந்த ஏடுகள் செவ்விய நிலையில் இருக்கவில்லை. தொட்ட அளவில் ஓரம் உதிர்வதும், கட்டை அவிழ்த்தால் ஓலை முறிவதும், எழுத்து மங்கி மறைவதும் அவர் தம் பதிப்புரைகளிலே வருந்தி எடுத்துரைத்த செய்திகள். இப்படிப்பட்ட ஏட்டைப் பெயர்த்தெழுத அமர்ந்த ஒருவர், ஓரடியின் நடுவிலே பூச்சி அரித்த துளையைக் காண்கிறார் என வைத்துக்கொள்வோம். அவர் முன்னே மூன்று வழிகள் இருக்கின்றன. இன்ன சொல்லாகத்தான் இருக்கும் என்று தாமே ஒரு சொல்லை இட்டு நிரப்பி, ஒன்றும் நடவாததுபோல மேலே செல்லலாம். நூல் பழுதுபட்டது என்று சொல்லி ஏட்டையே மூடி வைத்துவிடலாம். அல்லது, இவ்விடத்தில் இத்தனை எழுத்துகள் சிதைந்துள்ளன என்று குறித்துவிட்டு, எஞ்சியதை உள்ளவாறே எழுதி, முடிவு செய்யும் பொறுப்பைக் கற்றறிந்த பதிப்பாசிரியரிடம் ஒப்படைக்கலாம். முதல் வழி பொய். இரண்டாவது வழி இழப்பு. மூன்றாவது வழியே வாய்மையும் பயனும் ஒருங்கே உடையது.

இந்தச் சிக்கல் ஓலைச்சுவடியோடு முடிந்துபோகவில்லை. கணினிக்கு நிரல் எழுதுவோர் நாள்தோறும் இதே துளையின் முன்னே வந்து நிற்கிறார்கள். அவர்கள் அதனை எவ்வாறு எதிர்கொள்கிறார்கள், அதிலே தமிழுக்கு என்ன பங்கு என்பவையே இன்றைய பொருள்.

கணினியின் மொழிகளுள் பழுத்த அனுபவம் உடையது சி என்னும் மொழி. 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டென்னிஸ் ரிச்சி என்பார் அதனை ஆக்கினார். 1978இல் பிரயன் கேர்னிகனும் அவரும் சேர்ந்து எழுதிய சிறு நூல் அதனை உலகெங்கும் பரப்பிற்று. 1989இல் அமெரிக்காவிலும், 1990இல் சர்வதேச அளவிலும் அம்மொழிக்கு நியமம் வகுக்கப்பட்டது. கைத்தொலைபேசி முதல் வான்கலம் வரை எத்தனையோ பொறிகளின் அடித்தளத்தில் இன்றும் அம்மொழி நின்று உழைக்கின்றது.

அம்மொழியில் நிரல் எழுதுபவர் எல்லா வேலையையும் தாமே செய்வதில்லை. கோப்பைத் திறத்தல், நினைவகத்தில் இடம் பெறுதல், எழுத்துகளை எண்ணாக மாற்றுதல் போன்ற பொதுவேலைகளை முன்னோர் எழுதித் தொகுத்து வைத்திருக்கிறார்கள். அத்தொகுதிக்குக் கணினியாளர் இட்ட பெயர் நூலகம் என்பதே. அந்த நூலகத்திலுள்ள ஒவ்வொரு சிறு நிரலும் சார்பு எனப்படும். நிரலர் ஒரு பொருளைக் கொடுத்து வினவுகிறார். சார்பு தன் வேலையைச் செய்து விடை கூறுகிறது. வினாவும் விடையும் என்ற இந்த உறவிலேதான் கணினி நூலகத்தின் வாழ்வெல்லாம் அடங்கியிருக்கின்றது.

வினாவிலும் விடையிலும் வழு உண்டாகும் என்பதைத் தமிழிலக்கணம் பன்னெடுங்காலத்துக்கு முன்னரே வகுத்து வைத்திருக்கிறது. திணை, பால், இடம், காலம் ஆகியவற்றோடு வினாவையும் விடையையும் மரபையும் சேர்த்து வழு எழுவகைப்படும் என்பர் இலக்கண நூலார். ஒரு விரலை மட்டும் காட்டி, இது நெடிதோ குறிதோ என்று கேட்டால் அஃது வினா வழு. எதனோடு ஒப்பிட்டு விடை சொல்வது? கோப்பாய்ச் சந்திக்கு வழி எது என்று வினவியவனுக்கு, இன்று வெங்காயம் இன்ன விலை என்று சொன்னால் அஃது விடை வழு. கணினி நூலகத்திலும் வழுக்கள் இவ்வாறே பிரியும். பொருந்தாத பொருளைக் கொடுத்து வினவுவது நிரலரின் வழு. பொருந்திய வினாவுக்குப் பொருந்தாத விடை தருவது நூலகத்தின் வழு. இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்றும் உண்டு. வினாவும் சரி, சார்பும் சரி. ஆனால் திறக்கச் சொன்ன கோப்பு அங்கே இல்லை, கேட்ட அளவு நினைவகம் மீதமில்லை, எழுதவேண்டிய வட்டு நிறைந்துவிட்டது. இஃது உலகத்தின் குறை. இலங்கையின் கணினிப் பாடநூல்கள் நிரலில் நேரும் பிழைக்கு வழு என்ற சொல்லையே வழங்குவது மிகப் பொருத்தமானது.

உலகத்தின் குறையை நூலகம் எவ்வாறு அறிவிக்கவேண்டும்? இங்கேதான் நுட்பம் தொடங்குகிறது. சார்புக்கு வாய் ஒன்றே. விடையையும் அதே வாயால் சொல்லவேண்டும். விடை இல்லை என்பதையும் அதே வாயால் சொல்லவேண்டும். இரண்டும் ஒன்றுபோல ஒலித்தால் கேட்பவன் மயங்குவான்.

கோப்பாயிலே ஆசிரியர் கலாசாலை ஒன்று உண்டு. அங்கே பயின்று வகுப்பறைக்குச் செல்லும் எந்த ஆசிரியரும் புள்ளிப் பதிவேட்டில் இரண்டு குறிகளை வேறுபடுத்தியே எழுதுவார். பரீட்சைக்கு வந்து ஒன்றும் எழுதாத மாணவனுக்குப் புள்ளி 0. பரீட்சைக்கே வராத மாணவனுக்கு 0 இடுவதில்லை. வரவில்லை என்பதற்குரிய குறியை இடுவார். இரண்டையும் 0 என்றே எழுதினால், காய்ச்சலில் கிடந்த பிள்ளையும் கற்காத பிள்ளையும் ஒன்றாகிவிடுவார்கள். வகுப்பின் சராசரியும் பொய்யாகும். பின்னர் அப்பதிவேட்டை எத்தனை முறை கூட்டிக் கழித்தாலும் உண்மையை மீட்க முடியாது.

சி மொழியின் நூலகத்தில் இப்படி 0 இடும் சார்பு ஒன்று உண்மையிலேயே இருக்கின்றது. எழுத்துவடிவில் உள்ள எண்ணைக் கணக்குக்குரிய எண்ணாக மாற்றும் ஏ-டு-ஐ என்பது அதன் பெயர். 25 என்ற எழுத்துகளைக் கொடுத்தால் இருபத்தைந்து என்ற பெறுமானத்தைத் தரும். 0 என்று கொடுத்தால் சுழியைத் தரும். எண்ணே அல்லாத ஒரு சொல்லைக் கொடுத்தாலும் சுழியையே தரும். கேட்டவர்க்கு இவ்விரண்டையும் பிரித்தறிய வழி இல்லை. இக்குறையை நீக்கப் பின்வந்த நியமத்திலே வேறொரு சார்பு இடம்பெற்றது. அது எண்ணைத் தருவதோடு, எழுத்துத் தொடரில் எந்த இடம்வரை தான் படித்தது என்பதையும் தனியே சுட்டிக் காட்டுகின்றது. தொடக்கத்திலேயே நின்றிருந்தால் அங்கே எண் இல்லை என்பது வெளிப்படை. எண் அளவுக்கு மிஞ்சிப் பெரிதாயிருந்தால் எல்லை கடந்தது என்ற குறியையும் இடுகின்றது. விடைக்கு ஒரு வழி, வழுவுக்கு வேறொரு வழி என இரண்டையும் பிரித்ததே இங்குள்ள முன்னேற்றம்.

வழுவுக்கென ஒதுக்கிய வழிகளுள் பெயர் பெற்றது எர்நோ எனப்படும் வழு எண். சார்பு தோல்வியுற்றால், தோற்றேன் என்பதை விடையிலே ஒரு தனிக்குறியால் தெரிவிக்கும். ஏன் தோற்றேன் என்பதற்குரிய எண்ணை எர்நோவிலே எழுதிவைக்கும். லினக்ஸ் முறைமையில் 2 என்றால் அத்தகைய கோப்பு இல்லை. 12 என்றால் நினைவகம் போதாது. 28 என்றால் வட்டிலே இடமில்லை. எண்ணைச் சொற்றொடராக மாற்றித் தரவும் நூலகத்திலே சார்பு உண்டு.

எர்நோவைக் கையாள்வதற்கு ஒழுக்கம் வேண்டும். நிரல் தொடங்கும்போது அது 0 ஆக இருக்கும். அதன்பின் நூலகத்தின் எந்தச் சார்பும் அதனை மீண்டும் 0 ஆக்குவதில்லை என்பது நியமம். ஆகவே முன்னொரு முறை நேர்ந்த வழுவின் எண் அங்கே அழியாமல் கிடக்கக்கூடும். எர்நோவை மட்டும் பார்த்து, இப்போது செய்த வேலை தோற்றது என்று முடிவுசெய்பவர், பழைய நோயாளியின் சீட்டைப் படித்துப் புதிய நோயாளிக்கு மருந்து கொடுத்தவராவார். முதலில் விடையைப் பார்த்துத் தோல்வி உண்டா என்று அறியவேண்டும். தோல்வியானால், வேறொரு சார்பை அழைக்குமுன் எண்ணை எடுத்துத் தனியே வைத்துக்கொள்ளவேண்டும். இடையிலே வேறொரு வேலை செய்தால், அது அந்த எண்ணின்மேல் தன் எண்ணை எழுதிவிடலாம்.

இனி, தமிழெழுத்தையே சான்றாகக் கொண்டு இதனை நோக்கலாம். கோப்பாய் என்ற பெயரைத் தமிழர் 4 எழுத்தாக எண்ணுவர்: கோ, ப், பா, ய். ஒருங்குறி என்னும் உலகப் பொது எழுத்துமுறையில் அதே பெயர் 8 குறிகளாக அமையும். ககரம், ஓகாரக் குறி, பகரம், புள்ளி, மீண்டும் பகரம், ஆகாரக் குறி, யகரம், புள்ளி என்பவை அவை. இணையத்திலும் கோப்புகளிலும் பெருவழக்கான யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகள் கொள்ளும். எனவே கோப்பாய் என்ற பெயர் 24 பைட்டுகள் நீளமுடையது. ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு என்ற எண்ணத்தோடு எழுதிய நிரல் இப்பெயருக்கு 10 பைட்டு இடம் ஒதுக்கினால் என்னவாகும்? 3 குறிகள் 9 பைட்டுகளில் அடங்கும். பத்தாவது பைட்டில் புள்ளியின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வந்து நிற்கும். அஃது எழுத்துமன்று, வெறுமையுமன்று. முறிந்த ஓலையின் நுனி போன்றது.

தமிழுக்கு இத்தகைய முறிவு கற்பனையில் மட்டும் நேர்வதன்று. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர்த் தமிழ்க் கணினியாளர் பலவகைக் குறிமுறைகளைக் கையாண்டனர். அவற்றுள் திஸ்கி என்பது ஒன்று. திஸ்கியிலே கோ என்ற எழுத்தைக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில், கொம்பை முன்னும் ககரத்தைப் பின்னும் வைத்துச் சேமிப்பர். ஒருங்குறியிலோ ககரம் முன்னே, உயிர்க்குறி பின்னே. எனவே பழைய கோப்பொன்றைப் புதிய முறைக்கு மாற்றும்போது, எழுத்துகளைப் பெயர்ப்பதோடு இடமும் மாற்றவேண்டும். இவ்வகை மாற்றத்துக்கென்றே சி நூலகத்தில் ஐகன்வ் என்ற சார்பு இருக்கின்றது. லினக்ஸில் வழங்கும் குனூ சி நூலகம் திஸ்கியையும் அறியும்.

ஐகன்வ் தன் வேலையை முடிக்க முடியாமல் நின்றால் அதனை மூன்று வகையாகப் பிரித்து அறிவிக்கின்றது. வழுவை உரைப்பதற்கு அஃது ஒரு நல்ல இலக்கணம். முதல் வகை: மாற்றிய எழுத்துகளை வைக்கக் கொடுத்த இடம் நிறைந்துவிட்டது. இதில் ஏட்டுக்குக் குறையொன்றுமில்லை. நிறைந்ததை வெளியே எடுத்துவைத்து மீண்டும் அழைத்தால் வேலை தொடரும். இரண்டாம் வகை: கொடுத்த பகுதியின் இறுதியிலே ஓர் எழுத்து அரைகுறையாக நிற்கின்றது. பெரிய கோப்புகளை 4,096 பைட்டுகளாகப் பகுத்துப் படிப்பது நிரலர் வழக்கம். இடைவெளியின்றித் தமிழ்க் குறிகளே நிறைந்த பகுதியானால் அதில் 1,365 குறிகள் முழுமையாக அடங்கி, 1 பைட்டு மிஞ்சும். அந்த எழுத்தின் எஞ்சிய பாகம் அடுத்த பகுதியிலே பத்திரமாக இருக்கின்றது. மிஞ்சிய பைட்டை அடுத்த பகுதியின் தலையிலே சேர்த்துக் கொடுத்தால் எழுத்து கூடிவிடும். மூன்றாம் வகை: இவ்விடத்திலுள்ள பைட்டுகள் இந்தக் குறிமுறையில் எந்த எழுத்தாகவும் ஆகா. இதுவே உண்மையான சிதைவு. கோப்பு பழுதுபட்டிருக்கலாம், அல்லது திஸ்கியில் எழுதிய கோப்பை யூடிஎஃப்-8 என்று தவறாகச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். அப்போது அச்சார்பு, தான் படித்துவந்த இடத்தைக் காட்டும் சுட்டியைச் சரியாக அந்தச் சிதைவின் தொடக்கத்திலே நிறுத்திவிட்டுத் திரும்புகின்றது. இங்கே பாருங்கள் என்று விரல் வைத்துக் காட்டியதற்கு ஒப்பாகும்.

மூன்றையும் வேலை தோற்றது என்ற ஒரே சொல்லால் சொல்லியிருந்தால் நிரலர் என்ன செய்வார்? இடம் நிறைந்ததற்காகக் கோப்பு முழுவதையும் தள்ளிவிடக்கூடும். அல்லது, சிதைந்த கோப்பை மீண்டும் மீண்டும் கொடுத்து ஓயாமல் உழலக்கூடும். கேட்பவர் செய்யவேண்டிய செயல் வேறுபடும்போது, சொல்லும் வழுவும் வேறுபடவேண்டும். செயலை மாற்றாத நுண்வேறுபாடுகளை அடுக்கிக்கொண்டு போவதால் பயனில்லை. செயலை மாற்றும் வேறுபாட்டை மறைப்பதோ பெருங்கேடு.

சிதைந்த எழுத்தைக் கண்ட நிரலர் அதனைப் பேசாமல் விழுங்கிவிட்டு மேலே செல்லுமாறும் கட்டளையிடலாம். அவ்வாறு செய்தால் திரையிலே தடை எதுவும் தோன்றாது. வேலை முடிந்தது என்ற மகிழ்ச்சியும் கிட்டும். ஆனால் நூலின் நடுவே எழுத்துகள் சில மறைந்திருக்கும். எங்கே மறைந்தன என்பதை எவரும் அறியார். இதற்கு மாற்றாக, ஒருங்குறியிலே சிதைவைக் குறிப்பதற்கென்றே தனிக் குறியொன்று வகுக்கப்பட்டுள்ளது. கறுப்புச் சாய்சதுரத்தினுள் வினாக்குறி நிற்கும் வடிவம் அது. திரையில் அதனைக் காணும் வாசகர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆயினும் அந்தக் குறி ஓர் அரிய தொண்டைச் செய்கின்றது. இங்கே ஓர் எழுத்து இருந்தது, அது படிக்கப்படவில்லை என்று அது சான்று கூறுகின்றது. மூலத்தைத் தேடிச் சென்று திருத்துவதற்கு அதுவே வழிகாட்டி.

நூலகம் வழுவை மறைக்கலாகாது என்பது ஒருபுறமிருக்க, வழுவைக் கண்டு தானே மாண்டுபோகவும் ஆகாது. இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1996ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4ஆம் நாள், தென்னமெரிக்காவிலுள்ள கூரு ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஆரியான்-5 உந்துகணை முதன்முறையாகப் புறப்பட்டது. ஏறத்தாழ 40 விநாடிகளில் அது திசைமாறி வானிலே சிதறிற்று. விசாரணையில் வெளிவந்த காரணம் வியப்பானது. கலத்தின் கிடைவேகத்தோடு தொடர்புடைய ஒரு பெறுமானத்தை 64 பிட்டு வடிவிலிருந்து 16 பிட்டு முழுவெண்ணாக மாற்றும் சிறிய வேலை தோல்வியுற்றது. அந்த வடிவம் 32,767க்கு மேற்பட்ட எண்ணைத் தாங்காது. வந்த எண்ணோ அதனைக் கடந்திருந்தது. முந்திய ஆரியான்-4இல் பிழையின்றி ஓடிய நிரலை அப்படியே எடுத்து இதிலே வைத்திருந்தார்கள். வழுவைக் கண்ட வழிகாட்டுக் கணினி தன்னை நிறுத்திக்கொண்டது. அதற்குத் துணையாக வைத்த மற்றொன்றும் அதே நிரலை ஓட்டியதால் அதே காரணத்தால் நின்றது. நிற்கும்போது அது அனுப்பிய வழுக்குறிப்பை, கலத்தைச் செலுத்தும் கணினி பறப்புத் தகவல் என்றே எண்ணி அதற்கேற்பத் திருப்பிற்று. அந்நிரல் அடா என்னும் வேறொரு மொழியில் எழுதப்பட்டதாயினும் பாடம் எம்மொழிக்கும் பொதுவானது. வழுவின் அறிவிப்பும் விடையும் ஒரே வழியாகச் சென்றன; அவற்றைப் பெற்றவர்க்குப் பிரித்தறிய இயலவில்லை. தோற்ற வேலையோ, கலம் தரையைவிட்டு எழுந்தபின் தேவைப்படாத வேலை. அதனைக் கைவிட்டுப் பறக்கலாம் என்று முடிவுசெய்யும் வாய்ப்பை, சிறிய சார்பு பெரிய கலத்துக்கு அளிக்கவில்லை.

ஆதலின் நல்ல நூலகம் முடிவைத் தன் கையில் எடுத்துக்கொள்வதில்லை. கோப்பு ஒன்று திறக்கவில்லை என்பதற்காக நிரல் முழுவதையும் நிறுத்திவிட அதற்கு உரிமை இல்லை. அழைத்தவர் வேறொரு கோப்பை முயலலாம், சற்றுப் பொறுத்து மீண்டும் முயலலாம், பயனரைக் கேட்கலாம். நேரே திரையில் செய்தி எழுதுவதும் நூலகத்தின் வேலையன்று. நள்ளிரவில் எவரும் பாராத அறையில் ஓடும் கணினிக்குத் திரையே இல்லாமலிருக்கலாம். எது நேர்ந்தது என்பதை அழைத்தவரிடம் சொல்வது நூலகத்தின் கடமை; அதனை மனிதர்க்குரிய மொழியில் யாருக்கு, எவ்வாறு உரைப்பது என்பது அழைத்தவரின் கடமை.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. நிரலர் தம் நிரலைப் பற்றித் தாமே கொண்ட உறுதி பொய்யானால், மேலே ஓடுவது ஆபத்து. அத்தகைய இடங்களில் வைப்பதற்குச் சி நூலகத்தில் ஓர் உறுதிச்சோதனை இருக்கின்றது. சோதனை பொய்த்தால் கோப்பின் பெயர், வரியின் எண், பொய்த்த கூற்று ஆகியவற்றை எழுதிவிட்டு நிரல் நின்றுவிடும். பழைய தமிழ் நூல்களின் இறுதியிலே பிழைதிருத்தம் என்ற பட்டியலைக் கண்டவர்கள் இவ்வமைப்பை எளிதில் அறிவார்கள். பக்கம், வரி, பிழை, திருத்தம் என்ற நான்கு நிரல்கள் அங்கே இருக்கும். நூலிலே பிழைகள் உள என்று பொதுவாகச் சொல்லி மன்னிப்புக் கேட்பதைவிட, இன்ன பக்கத்தில் இன்ன வரியில் என்று சொல்வதே படிப்பவருக்கு உதவும்.

நூலகம் தன் கடமையைச் செய்தாலும், அழைத்தவர் செவிகொடாவிட்டால் எல்லாம் வீண். சி மொழியில் விடையைக் கேளாமலே மேலே செல்ல எவருக்கும் தடையில்லை. கோப்பிலே எழுதும் சார்பு பெரும்பாலும் உடனே வட்டில் எழுதுவதில்லை. சிறிது சிறிதாகச் சேர்த்துவைத்துப் பின்னரே எழுதுகின்றது. வட்டு நிறைந்திருப்பது, கோப்பை மூடும்போதுதான் சில வேளைகளில் தெரியவரும். மூடும் சார்பின் விடையை எவர் பார்க்கிறார்? பாராதவர், தம் நாள்முழுதும் உழைத்த உழைப்பு வட்டில் சேர்ந்ததாக எண்ணி வீடு செல்வார். மறுநாள் திறக்கும்போது இறுதிப் பக்கங்கள் இரா.

இன்னுமொரு பிழை இதனினும் கொடியது. நினைவகத்தில் பெற்ற இடம் போதாதபோது அதனைப் பெரிதாக்கித் தரும் சார்பு ஒன்று உண்டு. பெரிதாக்க முடியாவிட்டால் அது வெறுமையைத் திருப்பித் தரும்; பழைய இடத்தையும் அதிலுள்ள தகவலையும் தொடாமல் அப்படியே விட்டுவைக்கும். இது நூலகத்தின் நேர்மை. ஆனால் அவசரக்கார நிரலர், வந்த விடையைப் பழைய இடத்தின் முகவரி எழுதியிருந்த அதே சுட்டியிலே எழுதிவிடுகிறார். விடை வெறுமையானால் முகவரி அழிந்துபோகும். தகவல் எங்கோ பத்திரமாகவே இருக்கின்றது. அதனை அடையும் வழிதான் இல்லை. புதிய பிரதி கைக்கு வந்ததென்று உறுதிப்படுமுன் மூலத்தைக் கைவிடலாகாது என்பது ஏடு பெயர்த்தெழுதுவோர் எல்லாரும் அறிந்த விதி.

மூலத்தைக் கைவிடலாகாது என்ற விதியின் அருமையை யாழ்ப்பாணத்தாருக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாதனவும் இருந்தன. இன்று ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் கணினியிலே பதிந்து காக்கும் பணியை 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் திட்டம் முதலியவை செய்துவருகின்றன. இப்பதிவுகளுள் சிலவற்றுக்கு ஒருநாள் அச்சுப் பிரதியே இல்லாமற் போகலாம். அப்போது கணினியிலுள்ள எழுத்தே மூலமாகும். ஒரு குறிமுறையிலிருந்து மற்றொன்றுக்கும், ஒரு பொறியிலிருந்து மற்றொன்றுக்கும் அது பெயரும் ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு சிறிய சார்பு, சிதைந்த பைட்டொன்றைக் கண்டு நிற்கும். அது மறைத்துவிட்டுச் சென்றால் தமிழ் ஓர் எழுத்தை இழக்கும், இழந்ததையும் அறியாது.

1868இல் ஆறுமுக நாவலர் பரிசோதிக்கத் தாமோதரம்பிள்ளை வெளியிட்ட நூல், தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையர் வரைந்த உரை. அந்த அதிகாரத்துக்கு உரைகண்டோர் வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றைப் பிரித்துப் பேசுவர். வழுவென்று அறிந்தே, காரணங்காட்டி, அதனை அமைத்துக்கொள்வது வழுவமைதி. கணினியாளர்க்கும் இது பொருந்தும். எல்லா வழுவையும் களைந்துவிட எவராலும் ஆகாது. வட்டு நிறையும், கம்பி அறும், எழுத்து சிதையும். அவற்றை அறிந்து, இடஞ்சுட்டி, காரணங்கூறி அமைத்துக்கொள்ளலாம். அறியாமல் விட்ட வழுவுக்கு அமைதி இல்லை.

சிறுப்பிட்டியில் பிறந்த அப்பெரியார் உதிர்ந்த ஓலையைப் பற்றித் தம் பதிப்புரையில் எழுதாமல் விட்டிருந்தாலும் நூல்கள் அச்சாகியிருக்கும். ஆயின் எஞ்சிய ஏடுகளைத் தேடவேண்டும் என்ற பதைப்பு அவருக்குப் பின் வந்தவர்க்கு அவ்வளவு எழுந்திராது. இன்று கோப்பாயில் ஒரு மாணவி கணினியின் முன் அமர்ந்து தன் முதல் நிரலை எழுதுவாளானால், ஒவ்வொரு சார்பும் சொல்லும் விடையை அவள் நின்று கேட்கட்டும். தானே ஒரு சார்பை எழுதும் நாளில், தனக்கு இயலாததை இயலவில்லை என்றும், எந்த இடத்தில், எதனால் என்றும் சொல்லுமாறு அதனை அமைக்கட்டும். அவளுக்குப் பின் அந்த நிரலைக் கையிலெடுப்பவர், பழுது எங்கே என்று தேடி இருளில் அலையமாட்டார்.